நடக்காத கல்யாணத்தின் அழைப்பிதழ்

தென்காசியில் ஒரு வீடு. அந்த வீட்டு பீரோவின் அடித்தட்டில், பழைய சேலைகளுக்குக் கீழே, ஒரு கட்டு கல்யாண அழைப்பிதழ் கிடந்தது. மொத்தம் முப்பத்தெட்டு. அரக்கு நிறத்தில் தடித்த ஒற்றை அட்டை, ஒரு பக்கம் மட்டும் தங்க எழுத்து, நாலு மூலையிலும் மஞ்சள். ஆறு வருஷமாக அங்கேயேதான் கிடந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அட்டைக்கு வெளிச்சம் என்றாலே பயம்.

அச்சகத்திலிருந்து வந்த அன்றைக்கு அது அப்படி இல்லை. ‘திருநிறைச்செல்வி வள்ளிநாயகி’ என்று தன்மேல் பளபளத்த எழுத்தைப் பார்த்து அதற்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணின் அப்பா சங்கரலிங்கம் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போனார். அட்டையோடு பிறந்தவை இருநூற்றுச் சொச்சம் அப்படி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தன. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது. அதோடு சரி. சங்கரலிங்கம் மறுபடியும் அதே வீடுகளுக்குப் போனார். இந்தத் தடவை கையில் தட்டு இல்லை. வாசலிலேயே நின்று, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மிச்சமிருந்த அட்டைகளைக் குப்பையில் போட நாயகியின் அம்மா கோமதிக்குப் பயம். பிள்ளையார் படம் போட்டு மஞ்சள் தடவிய அட்டை. எரிக்கவும் மனசு வரவில்லை. அதனால் பீரோவுக்குள் தள்ளினாள்.

‘எல்லாம் என்னால்தான்’ என்று அட்டை நினைத்துக்கொண்டது. நாங்கள் போய் ஊரைக் கூட்டியிருக்காவிட்டால் இது நாலு சுவருக்குள்ளேயே முடிந்திருக்குமே! பீரோ திறக்கும் சத்தம் கேட்டாலே அது சேலை மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொள்ளும்.

அப்படியிருக்க, நாயகியின் தங்கை பிரியாவுக்கு வளைகாப்பு வந்தது. பிரியாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். வீட்டிலேயே நடத்துவதென்று முடிவானது. கூடத்தை அலங்கரிக்க ஆள் வைக்க வசதியில்லை.

“ஆள் எதுக்கு? நான் பண்ணுதேன்” என்றாள் நாயகி. “பழைய பத்திரிகை அட்டை ஒரு பை நிறைய இருக்கு. பசையும் நூலும் இருந்தாப் போதும். போன்ல எவ்வளவோ காட்டுதாங்க.”

மேஜையில் பையைக் கவிழ்த்தாள். காதுகுத்து அழைப்பு, கடை திறப்பு அழைப்பு, புதுமனை புகுவிழா அழைப்பு என்று பல ஊர் அட்டைகள் சரிந்து விழுந்தன. மெல்லியவற்றை விசிறி போல மடித்து வட்டமாக ஒட்டினாள். சுவரில் மாட்டப் பூ ஆயிற்று. ஆனால் மேலே தொங்கவிட நினைத்த கூண்டு விளக்கு மட்டும் எந்த அட்டையிலும் நிற்கவில்லை. சுருட்டினால் துவண்டது.

பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்தாள்.

“ஏட்டி, அதை எதுக்கு எடுக்கே?” கோமதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“கனமான அட்டைம்மா.”

“நாலு பேர் வாற எடம். வேண்டாம்னா கேளு.”

“எழுத்து உள்பக்கம் போயிரும். யாருக்கும் தெரியாது.”

சொல்லும்போது நாயகி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையின் முகத்தையும் பார்க்கவில்லை. அதைக் குப்புறத்தான் மேஜையில் வைத்தாள்.

பக்கத்தில் கிடந்த புதுமனை புகுவிழா அழைப்பு பெரிய வாயாடி. “வா தாயி. கல்யாணப் பத்திரிகையா? நல்ல கனமா இருக்கியே! கல்யாணம் எந்த மண்டபத்துல?”

அட்டை தயங்கியது. “பெரிய மண்டபம்தான், அண்ணாச்சி.”

“எத்தனை பந்தி ஓடிச்சு?”

“ஏழு.”

“ஏழா! எங்க வீட்டுக்கு நாலுதான். பொண்ணு மாப்பிள்ளை இப்ப எங்க இருக்காக?”

“தூரத்துல” என்றது அட்டை. ஆறு வருஷம் ஒளிந்து கிடந்தபோது இருந்த வெட்கம் ஒன்று. இப்போது பொய் சொன்ன வெட்கமும் சேர்ந்துகொண்டது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது கத்தரிக்கோல். அது அந்த வீட்டிலேயே பழகினது. மற்றவர்களுக்குக் கேட்காமல் அட்டையின் பக்கம் சாய்ந்து, “தூரத்துல ஒண்ணும் இல்லையே. பொண்ணு கைதான் இப்ப என்னைப் பிடிச்சிருக்கு” என்றது.

அட்டைக்கு உடம்பெல்லாம் கூசிற்று. “தெரியும்க்கா. ஒரே ஒரு உதவி பண்ணு. அவ பேர் இருக்குத எடத்தைப் பொடிப் பொடியா வெட்டிரு.”

“நானா வெட்டுதேன்? அவ விரல் போற வழிக்குத்தான் நான் போவேன்.”

நாயகி அட்டையைத் திருப்பி, எழுத்துப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு, நெடுகக் கீற்றுக் கீற்றாக வெட்டத் தொடங்கினாள். மாப்பிள்ளை பெயர் நாலு கீற்றாகப் பிரிந்தது. முகூர்த்த நேரம் இரண்டாகப் போயிற்று. கத்தரிக்கோல் அவள் பெயர் இருந்த வரிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. விரல் நகரவில்லை. அப்புறம் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு, அது கீழ்ப்பட்டையாக வரும்படி சுருட்டி, எழுத்தை உள்ளே வைத்து ஒட்டினாள். இரண்டாவது அட்டையிலிருந்து அவள் எதையும் பார்க்கவில்லை. பெயரின் மேலேயே கத்தரி ஓடியது.

வளைகாப்பன்று கூடமெல்லாம் காகிதப் பூ. நடுவில், பிரியா உட்காரும் நாற்காலிக்கு மேலே, பதினோரு கூண்டு விளக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன பல்பு. மத்தியில் இருந்தது நம் அட்டைதான்.

வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். “கடையில வாங்கினதா?” என்று கேட்டார்கள். கோமதி, “பெரியவ பண்ணினா” என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாள். நாயகி சந்தனக் கிண்ணத்தோடு ஓரமாக நின்றாள். கல்யாணமானவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பிரியாவின் கையில் வளையல் போட்டார்கள். நாயகியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

எழுத்தை உள்ளே மறைத்தவளுக்கு ஒன்று தோன்றாமல் போயிற்று. விளக்கு இருந்தது உயரத்தில். ஜனங்கள் உட்கார்ந்திருந்தது கீழே ஜமுக்காளத்தில். கீழேயிருந்து பார்த்தால் விளக்கின் உள்பக்கம்தான் தெரியும்.

பிரியாவின் மாப்பிள்ளைக்கு அத்தை ஒருத்தி வந்திருந்தாள், வெளியூர்க்காரி. இந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாதவள். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அவளுக்கு.

“திருநிறைச்செல்வி... வள்ளிநாயகி...” என்று நிதானமாகப் படித்தாள். “ஏ, இது நம்ம பிரியாவோட அக்கா பேர்லா? கல்யாணம் ஆயிட்டா? எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே!”

கூடத்தில் பேச்சு நின்றது. சங்கரலிங்கம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோமதி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியாவின் வளையல்கள் ஒருதரம் குலுங்கி அடங்கின.

அட்டை தன்னைக் கட்டியிருந்த நூலைக் கெஞ்சியது. “அறுந்திரு. கீழ விழுந்து மிதிபட்டாலும் பரவாயில்ல, அறுந்திரு.”

“முறுக்கி மூணு முடிச்சு போட்டிருக்கா. எப்படி அறுவேன்?” என்றது நூல்.

சுவரிலிருந்து புதுமனை புகுவிழா அழைப்பு மெதுவாகக் கேட்டது. “ஏழு பந்தின்னியே தாயி?”

“பொய் சொன்னேன், அண்ணாச்சி. இலையே போடல.”



நாயகிக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. கிண்ணத்தைப் பிடித்திருந்த விரல்கள் சந்தனத்துக்குள் அழுந்தின. உள்ளே ஓடிப் போய்விட நினைத்து ஒரு அடி எடுத்தும் வைத்தாள். ஏனோ நின்றாள்.

“என் பேர்தாங்கம்மா” என்றாள். “ஆறு வருசத்துக்கு முன்னால அடிச்ச பத்திரிகை. கல்யாணம் நடக்கல. அவங்க வேண்டாம்னுட்டாங்க. அட்டை மிச்சம் இருந்துச்சு.”

மாப்பிள்ளையின் அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். “தெரியாமக் கேட்டுட்டேன் தாயி.”

“தெரியாமத்தானே கேட்டீங்க” என்றாள் நாயகி. பிறகு குனிந்து அவள் கையில் சந்தனம் வைத்தாள். யாரோ ஒரு பாட்டி குலவை போட, நின்றுபோன சடங்கு மறுபடி நடந்தது. ஆனால் நாயகி அப்புறம் நிமிர்ந்து ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மேலே தொங்கிய அட்டையும் பார்க்கவில்லை. அவள் அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டி வந்ததும் தன்னால்தானே என்று அது வெந்துகொண்டிருந்தது.

எல்லாரும் சாப்பிட மாடிக்குப் போனார்கள். கூடம் காலியாயிற்று. நாயகி மட்டும் உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆவுடைப் பெரியம்மா படியேறாமல் திரும்பி வந்தாள். கோமதியின் அக்கா. ஆறு வருஷத்துக்கு முன்னால், “நல்லா விசாரிச்சு முடிச்சிருக்கணும்” என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள்தான். நாயகி எழுந்து நின்றாள், இப்போது என்ன சொல்லப் போகிறாளோ என்று.

பெரியம்மா படிக்கட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள்.

“இதைப் பண்ண ரொம்ப நேரம் ஆகுமாட்டி?”

“இல்ல பெரியம்மா. ஒண்ணுக்குக் கால் மணி நேரம்.”

“எங்க வீட்டுலயும் ஒரு கட்டு கெடக்கு.”

நாயகிக்குப் புரியவில்லை. “என்ன கட்டு?”

“எம் மவ செண்பகத்துக்கு மொதல்ல வேற எடம் பாத்தோம். பத்திரிகையும் அடிச்சாச்சு. ஒண்ணுகூட வெளிய போகல, அதுக்குள்ள அவங்க நிறுத்திட்டாங்க. எனக்கும் உங்க பெரியப்பாவுக்கும் தவிர ஒரு குருவிக்குத் தெரியாது.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கட்டில் மெத்தைக்கு அடியில இருக்கு. பன்னெண்டு வருசமா அதும்மேலதான் படுத்து எந்திரிக்கேன்.”

நாயகி வளையல் துண்டுகளை மேஜையில் வைத்தாள். “கொண்டு வாங்க பெரியம்மா” என்றாள். “ரெண்டு பேருமா உக்காந்து வெட்டலாம்.”

மாடியிலிருந்து சாப்பிட்டு முடித்த பெண்கள் ஒவ்வொருவராகக் கூடத்துக்கு இறங்கி வந்தார்கள். பட்டுச் சேலை, பூ, சிரிப்பு, வெற்றிலைச் சிவப்பு. இவர்களில் யார் வீட்டு மெத்தைக்கு அடியில் என்ன கட்டு கிடக்கிறதோ என்று அட்டை முதல் தடவையாகக் குனிந்து, அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது.