துப்பிய கஷாயம்

“மூன்று நாளாகக் குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது, அம்மா. இன்னும் மருந்தே கொடுக்காமல் இருக்கிறீர்களே!”

வாசலில் நின்றபடியே கேட்டான் ஏகாம்பரம். நாற்பது வயது. செண்பகவல்லி அம்மையாரிடம் நான்கு வருடமாக வைத்தியம் கற்கிறான்.

காய்ச்சல் அவன் மகள் வடிவுக்கு. ஐந்து வயது. தாயில்லாதவள்.

அம்மையார் முறத்தில் திப்பிலி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“காலையில்தானே வந்து பார்த்தேன். என்ன சொன்னேன்?”

“கஞ்சித் தண்ணீர் கொடு, பக்கத்தில் இரு என்றீர்கள்.”

“இருக்கிறாயா?”

அன்று அவன் அங்கே வருவது ஐந்தாவது முறை.

“மனசு கேட்காமல் நிலவேம்புக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டேன்,” என்றான் மெல்ல.

“குடித்தாளா?”

“என் முகத்தில் துப்பினாள். ‘நீயே குடி, போ’ என்கிறாள்.”

அம்மையார் சிரித்தார்.

“கெட்டிக்காரி. போய்க் கஞ்சித் தண்ணீர் கொடு.”

“சிரிக்கிறீர்கள். உங்கள் பிள்ளையாக இருந்தால்?”

பொறுக்கிய விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு தொடர்ந்தன.

மறுநாள் நண்பகலில் ஓடிவந்தான். முகம் மலர்ந்திருந்தது.

“இறங்கிவிட்டது, அம்மா! நெற்றி சில்லென்று இருக்கிறது.”

“என்ன செய்கிறாள்?”

“சமர்த்தாகப் படுத்திருக்கிறாள். எதுவும் கேட்கவில்லை. கஷாயம் கொடுத்தேன், முகம்கூடச் சுளிக்கவில்லை.”

“துப்பவில்லையா?”

“இல்லையே.”

முறம் கவிழ்ந்தது. திப்பிலி தரையெங்கும் சிதறியது. அவன் பொறுக்கக் குனிந்தான்.

“அதை விடு!”

நிமிர்ந்தபோது அம்மையார் மருந்துப் பையோடு தெருவில் இறங்கியிருந்தார். அவர் ஓடுவதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

ஏகாம்பரத்தின் வீட்டில் நுழைந்ததும் அவர் குழந்தையின் நெற்றியைத் தொடவில்லை. பாதங்களைத் தொட்டார். அவையும் சில்லிட்டுக் கிடந்தன.

மணலை வறுத்துத் துணியில் கட்டி, ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். தேனில் குழைத்த மருந்தை நாக்கில் தடவினார். ஜன்னல்வரை நடந்தார். திரும்பினார். மறுபடி தடவினார். மறுபடி ஜன்னல்.

ஏகாம்பரம் மகளின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

“கொஞ்சம் உட்காருங்கள், அம்மா.”

“நீ காலை விடாதே.”

வெயில் சாய்ந்தது. ஆறாவது முறையாக அவர் விரல் வாயருகே போனது.

வடிவின் முகம் சுளித்தது. மருந்து அத்தனையும் அம்மையாரின் கன்னத்தில் வந்து விழுந்தது.

“நீயே தின்னு, போ.”

அம்மையார் துடைத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.