நாடி வலி

இளமாறன் சென்னைப் பையன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தான். கெட்டிக்காரன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அவனைக் கொண்டுபோய் டெலிமெடிசின் அறையில் இரண்டு வாரம் உட்கார வைத்ததில் அவனுக்கு ஏக எரிச்சல்.

மலையடிவாரத்துச் சுகாதார நிலையங்களில் நோயாளிகள் கேமரா முன் வந்து உட்காருவார்கள். இவன் இங்கிருந்தபடியே விசாரித்து மருந்து சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் பேராசிரியர் பகவதியிடம் கேட்டேவிட்டான்.

"தொட்டுப் பாக்காம இதெல்லாம் என்ன வைத்தியம் மேடம்?"

"அடுத்த பேஷண்டைப் பாரு, சொல்றேன்."

சொல்லிவிட்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து வந்தவள் பேச்சித்தாய், ஐம்பத்திரண்டு வயது. நர்ஸ் அவளைத் திரைமுன் உட்கார வைத்துவிட்டு பி.பி. மெஷினை எடுக்கப் போனாள். என்ன செய்கிறது என்று இளமாறன் குனிந்து எழுதியபடியே கேட்டான்.

"காலைலேர்ந்து நாடி வலிக்கு சார்."

அவனுக்குத் தெரிந்த நாடி, டாக்டர்கள் கையில் பிடித்துப் பார்ப்பது. அது எப்படி வலிக்கும்? பாவம், மணிக்கட்டைத்தான் சொல்கிறாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு, மணிக்கட்டு வலிக்குத் தடவ ஒரு மருந்தை எழுத ஆரம்பித்தான்.

பகவதி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"எங்க வலிக்குதுன்னு பாரு."

வேறு வழியில்லாமல் நிமிர்ந்தான். திரையில் பேச்சித்தாய் முகவாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர்தான் நாடி. நெற்றியெல்லாம் வேர்வை. மாரடைப்பின் வலி தாடைக்கும் ஏறும் என்பது பரீட்சையில் அவன் எழுதி மார்க் வாங்கிய விடை.

நர்ஸைக் கூப்பிட்டு இ.சி.ஜி. எடுக்கச் சொன்னான். மாரடைப்பேதான். உடனே கொடுக்க வேண்டிய மாத்திரைகளைப் பகவதி நர்ஸிடம் சொல்ல, இளமாறன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான்.

சாயங்காலம் இதய வார்டுக்குப் போய்ப் பார்த்தான். பேச்சித்தாய் பிழைத்துவிட்டாள். திரும்பி வந்து பகவதியின் முன் நின்றவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நேர்ல வந்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது மேடம்."

பகவதி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"நேர்ல வந்திருந்தா, அவங்க மணிக்கட்டைத்தான் பிடிச்சுப் பாத்திருப்ப."