ஜெப அறைக் கதவு

ஓர் ஊரில் ஒரு தேக்குக் கதவு இருந்தது. சபை மூப்பர் வேதமாணிக்கம் புது வீடு கட்டியபோது ஜெப அறைக்கென்றே செய்து மாட்டிய கதவு. ஆண்டவரோடு அந்தரங்கமாகப் பேசும் மனிதரை மூடிக் காப்பது தன் வேலை என்று அது பெருமைப்பட்டது. அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

வாசலில் அழைப்பு மணி அடித்தால்தான் வேதமாணிக்கம் ஜெப அறைக்குள் ஓடுவார். கதவைப் படாரென்று சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று தெருமுனைவரை கேட்கக் கத்துவார். கூடத்தில் அவர் மனைவி லில்லிபாய், "ஐயா ஜெபத்துல இருக்காங்க" என்று சொல்லி வந்தவர்களை உட்காரவைப்பாள். அவர்கள் போனதும் ஜெபமும் போய்விடும்.

"இதற்கு என்னை எதற்கு மாட்டினார்? பேசாமல் ஒரு மைக் செட் வாங்கியிருக்கலாம்!" என்று கதவு சலித்துக்கொண்டது.

"உன்மேலாவது அவர் கை படுகிறது," என்றது மூலையில் சுருட்டிக் கிடந்த பாய். "என்மேல் அவர் முழங்கால் ஒருநாளும் பட்டதில்லை. அவர் முழங்காலிடுவதெல்லாம் உன் சாவித் துவாரத்துக்கு முன்னால்தான்."

உண்மைதான். ஒரு வரி கத்துவார். பிறகு, வந்தவர்கள் தம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று துவாரத்தில் காதை வைத்துக் கேட்பார். அந்தக் காது ஒட்டும்போதெல்லாம் கதவுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அடுத்த தெரு சுகிர்தா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு நாலு மணிக்கு ஆபரேஷன். உள்ள கொண்டுபோறதுக்கு முன்னால ஐயா வந்து ஜெபிக்கணும்னு ஆசைப்படுதாங்க. ஆட்டோ வாசல்ல நிக்குது."

"ஐயா ஜெபத்துல இருக்காங்க. கொஞ்சம் இரும்மா."

உள்ளே இருந்தவர் காதில் எல்லாம் விழுந்தது. "இந்தச் சகோதரியின் கண்ணீரைப் பாரும் ஆண்டவரே!" என்று குரலை இன்னும் உயர்த்தினார். பத்து நிமிடம் போனது. இருபதும் போனது.

"அட மனுஷா, எழுந்து போயேன்!" என்று கதவு முனகியது. "அவள் ஆஸ்பத்திரிக்கு அல்லவா கூப்பிடுகிறாள்? இங்கே யாருக்காகக் கத்துகிறாய்?"

"இன்றைக்கு நேற்றா கத்துகிறார்?" என்றது பாய்.

"தாழ்ப்பாளே, இனி என்னால் ஆகாது. விட்டுவிடு!"

தாழ்ப்பாள் தயங்கியது. "மூப்பருடைய மானம் போகுமே?"

"அங்கே ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். உனக்கு மானம் பெரிதா? விடு!"

தாழ்ப்பாள் கழன்றது. கதவு கூடத்துப் பக்கம் விரியத் திறந்தது. காதைச் சாய்த்திருந்த வேதமாணிக்கம் முழங்காலோடு கூடத்தில் வந்து விழுந்தார். லில்லிபாய் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சுகிர்தா அதைப் பார்க்கவில்லை. அவர் இவ்வளவு நேரம் கத்தியது எதுவும் அவள் காதில் ஏறவும் இல்லை. நாற்காலியை விட்டு இறங்கி, வெறுந்தரையில் முழங்காலிட்டு, கண்ணை மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. விழுந்த சத்தத்தில்தான் கண் திறந்தாள். எதிரே மூப்பரும் முழங்காலில் இருந்தார்.

"ஐயாவும் வந்துட்டீங்களா? ஒரு வார்த்தை ஜெபிங்கய்யா, உடனே கிளம்பிருவோம்."

வேதமாணிக்கம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். அத்தனை எரிச்சலிலும் கதவுக்கே பாவமாகப் போய்விட்டது.

"பரவாயில்லய்யா," என்று சுகிர்தா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். "நான் சொல்லுதேன். நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க."