பாதக்குறட்டுச் சத்தம்

டக்… டக்… டக்.

மழை இரைச்சலுக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்டது. ஆற்றங்கரைப் படிகளில் மரம் கல்லைத் தட்டும் சத்தம். ஆள் இன்னும் கண்ணில் படவில்லை. மடத்துத் தாழ்வாரத்தில் சுருண்டு கிடந்த நாய் எழுந்து மறுபக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

குரு சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குருவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சீடருக்கு ஐம்பது நெருங்கியிருந்தது. அதனால் குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவைச் சாமி என்பார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களும் உண்டு.

"நல்லா நனஞ்சிட்டியளே. சுக்குவெந்நி போடலாம்னு பாத்தேன். விறகு எல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண்ணுதான் எரியுது."

அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து வெயில் எட்டிப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சாமி. வெந்நீரை விட்டும் ரொம்ப நாளாச்சு." ஆவுடையப்பன் கை கட்டி நின்றார். "எனக்குக் காவி குடுங்க. இனிமேல் வீடு வேண்டாம்."

குரு ஒரு கல்லை எடுத்து வெளியே சுண்டினார்.

"வீடு என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல. நான்தான் பக்குவமாயிட்டேன். ரெண்டு வருஷமா எங்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறினதில்ல. பாட்டு, கூத்து, வெட்டிப் பேச்சு, எதுவும் கிடையாது. நான் உள்ள நுழைஞ்சா வீடு இந்த மடம் மாதிரி இருக்கும். பிள்ளைகள்கூட வாயத் திறக்காது."

"அப்படியா."

"அவங்களையும் சேத்துத்தான் கரையேத்திட்டு வாரேன், சாமி."

குரு சுளகைக் கீழே வைத்தார். "மதினி சம்மதம் வேணுமே. அது இல்லாம காவி குடுக்க முடியாது."

"வடிவா? அழுவா. அதுக்கென்ன செய்ய? சொல்லித் தேத்திட்டு வாரேன்."

ஆவுடையப்பன் திரும்பினார். காலில் கிடந்த மரப் பாதக்குறடு கல்லில் டக்கென்றது.

"அதை இங்க கழத்திப் போட்டுட்டுப் போங்க," என்றார் குரு.

"பாதக்குறட்டையா?" ஆவுடையப்பனுக்குத் திக்கென்றது. துறவுக்குக் காலைப் பழக்க வேண்டும் என்று வேங்கை மரத்தில் சொல்லிச் செய்தது. தூங்கும்போது தவிர அவர் அதைக் கழற்றியதில்லை.

"கேக்கப் போறவன் வெறுங்காலோட போகணும்."

சேறு குளிர்ந்தது. விரலிடுக்கில் பிதுங்கியது. வடிவிடம் எப்படி ஆரம்பிப்பது, அவள் காலைப் பிடித்துக்கொண்டால் எப்படி விலக்குவது என்று யோசித்துக்கொண்டே ஆவுடையப்பன் தெருவுக்கு வந்தார்.

சாரலுக்காக வாசல் கதவைச் சாத்தியிருந்தார்கள். பக்கத்து முடுக்கு வழியாகப் புறவாசலுக்குப் போனார்.

முதலில் மூக்கில் ஏறியது வாசம். எண்ணெய் காய்ந்து, எள்ளும் ஓமமும் சேர்ந்து பொரிகிற வாசம். பக்கத்து வீட்டில் தீபாவளிப் பலகாரம் போல என்று நினைத்தார்.

அப்புறம் ஒரு சிரிப்பு. ஒரு பொம்பளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரிக்கிற சிரிப்பு.

யார் இது என்று நின்றார். விருந்தாள் யாரும் வருவதாக இல்லையே.

"போதும்ட்டி செண்பகம், என்னால முடியல," என்றது அந்தக் குரல்.

வடிவு.

ஆவுடையப்பன் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் இந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

"அடுத்த ஈடு போடவாம்மா? அப்பா வந்துட்டாகன்னா?" இது மூத்தவள் செண்பகம்.

"தெரு முக்குலயே டக்குடக்குன்னு கேக்குமே. அதுக்குள்ள சட்டியை மச்சுல ஏத்திரலாம். நீ சுத்து."

"வாசம்?"

"சாம்பிராணி போட்டுக்குவோம்."

"போன தடவை அப்பா என்ன சொன்னாக, ஞாபகம் இருக்கா? 'இப்பத்தான் நம்ம வீட்டுல தெய்வ மணம் கமழுது'ன்னாகளே!"

மறுபடி அந்தச் சிரிப்பு. பாத்திரம் ஏதோ உருண்டது.

"அம்மா, நான் சுத்துன முறுக்கப் பாரு," என்றது கடைக்குட்டி உலகு. நாலு வயசு. "நத்தை மாதிரி இருக்கு."

"நத்தையேதான். உங்கப்பாவுக்கு எடுத்து வைப்போமா?"

"அப்பா முறுக்குத் தின்ன மாட்டாகளே. அடிப்பாகளே."

"அம்மா, அப்பா மாதிரி நடந்து காட்டும்மா," என்றாள் செண்பகம். "நேத்து மாதிரி."

"சும்மா கிட."

"ஒரே ஒரு தடவை."

கொஞ்ச நேரம் எண்ணெய் சலசலக்கும் சத்தம்தான். பிறகு, வீட்டுக்குள்ளிருந்து, டக்… டக்… டக்.

ஆவுடையப்பன் தன் காலைக் குனிந்து பார்த்தார். வெறுங்கால். சேறு.

டக்… டக். உள்ளே வடிவு குரலைக் கனமாக்கிப் பேசினாள். "இது வீடா, சந்தையா? என்ன சிரிப்பு? சிரிச்சு என்னத்தக் கண்டிய?"

அவர் குரல். அவர் வார்த்தை. காலையில்கூடச் சொன்னது.

செண்பகம் சிரித்துச் சிரித்து இருமினாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"உலகு எங்கட்டி?"

"இங்கதான இருந்தா."

"உலகு! ஏட்டி!"

விசும்பல் வந்தது. "அண்டாவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காம்மா," என்றாள் செண்பகம். வடிவு கையிலிருந்ததைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"கண்ணு, அப்பா இல்ல. அம்மாதான். இந்தா பாரு, தேங்காச் சிரட்டை. சிரட்டைய வச்சுத் தட்டுனேன். அப்பா இல்ல, வா."

"நிசமா அப்பா இல்லையா?"

"நிசமா இல்ல. ஆண்டவன் மேல ஆணை. வெளிய வா."

விசும்பல் அடங்கியது. சிறிது நேரத்தில் அந்தக் குட்டிக் குரலும் சிரித்தது.

கூரை இறவாணத்துத் தண்ணீர் ஆவுடையப்பன் உச்சந்தலையில் விழுந்துகொண்டிருந்தது. நகர்ந்து நிற்கத் தோன்றவில்லை. எப்போதோ கையிலிருந்து நழுவிக் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல், வந்த வழியே திரும்பினார்.

மடத்தில் நாய் எழுந்திருக்கவில்லை. குரு நிமிர்ந்தபோது சீடர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அட, வந்ததே தெரியல. மதினி என்ன சொன்னாக?"

"கேக்கல."

"ஏன்?"

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்தார்.

"வீடு மாறிப் போயிட்டேன்னு நெனச்சேன், சாமி. உள்ள சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. முறுக்குச் சுத்துறாங்க. சின்னவ ஒண்ணு சுத்தி, நத்தைங்கா." மூச்சை இழுத்துக்கொண்டார். "வடிவு சிரட்டையத் தட்டி என்னைய மாதிரி நடந்தா. சின்னவ போயி அண்டாவுக்குப் பின்னால ஒளிஞ்சிட்டா. அப்பா இல்ல, அப்பா இல்லன்னு சொன்னப்புறம்தான் வெளிய வந்துச்சு பிள்ளை. என் பிள்ளை."

அடுப்பு புகைந்தது.

"வீட்டைத் துறக்கணும்னு வந்தேன். வீட்டுக்குள்ள நான் என்னைக்கு இருந்தேன்? இருக்கிறதைத்தான துறக்க முடியும்? இப்போ நான் எதைத்தான் துறக்க, சாமி?"

குரு எழுந்து போய்ப் பாதக்குறடுகள் இரண்டையும் எடுத்தார். எடை பார்ப்பவர்போல் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுப்புக்குள் செருகினார்.

"சாமி!" ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். "பாதக்குறடு, சாமி!"

"மேலதான் ஈரம். உள்ள நல்லா காஞ்ச கட்டை அண்ணாச்சி. இந்த மழையில வேற எங்க கிடைக்கும்?"

தீ முதலில் குமிழில் பற்றியது. பிறகு பலகை முழுவதும் பிடித்தது. ஆவுடையப்பன் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். வெந்நீர்ப் பானை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கியது. குரு ஒரு குவளையில் சுக்குவெந்நீர் ஊற்றி நீட்டினார். ஆவுடையப்பன் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் குடித்ததே தெரிந்தது.

"நான் இப்ப உள்ள போனா அந்தச் சிரிப்பு நின்னுரும், சாமி."

"நிக்கும்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் நிக்கும்."

"தீபாவளிக்கு?"

"சொல்ல முடியாது."

"அப்போ நான் அங்க போயி என்னதான் செய்ய?"

"முறுக்குச் சுத்தத் தெரியுமா?"

"தெரியாதே."

"சின்னவளுக்குத் தெரியுதாமே. போய்க் கேளுங்க."

ஆவுடையப்பன் குவளையைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். மழை இரைச்சலில் அவர் நடை கேட்கவே இல்லை.

குரு சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கல் பொறுக்கத் தொடங்கினார்.