வாடைக்கு வாசல் திறந்த ராஜா

மலைக்கு மலை ஒரு ராஜா இருந்த காலம் அது. குளிரெடுக்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள். கருமுகில் மலை என்று ஒரு மலை. அதை ஆண்ட ராஜாவுக்கு மாறவேள் என்று பெயர்.

மாறவேள் ஒரு சித்திரை மாதம் சமவெளி ராஜா வீட்டுக்கு விருந்துக்குப் போனார். அங்கே அரண்மனை முழுக்கப் பெரிய பெரிய சாளரங்கள். ஒன்றுக்கும் கதவில்லை. காற்று சிலுசிலுவென்று வந்தது. மாறவேள் சொக்கிப் போனார். ஊர் திரும்பியதும் மலை உச்சியில் அதே மாதிரி ஒன்று கட்டிக்கொண்டார். பள்ளியறைக்கு மட்டும் பதினாறு சாளரம்.

அங்கே அடிப்பது வெயில், இங்கே அடிப்பது வாடைக்காற்று என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அரண்மனையைக் குறை சொல்கிறவன் நாக்கு அவன் வாயில் இருக்காது என்று முதலிலேயே முரசறைந்துவிட்டார்களே.

மார்கழி பிறந்தது. ராஜாவுக்குப் பல் கிடுகிடுத்தது.

முதலில் மந்திரி வந்தார். ஊரில் வீட்டுக்கு வீடு குளிர்காலத்துக்கென்று அடுக்கி வைத்திருந்த விறகையெல்லாம் வண்டி வண்டியாக அள்ளி வந்து பள்ளியறையில் ஏழு அடுப்பு மூட்டினார். அனல் ஒரு சாளரம் வழியே போனது, வாடை மறு சாளரம் வழியே வந்தது. ராஜா நடுங்கினார்.

இரண்டாவதாகச் சோதிடர் வந்தார். இது குளிரே இல்லை, சனியின் பார்வை என்றார். ஊர் நெய்யை எல்லாம் வாங்கி யாகம் வளர்த்தார். யாகத்துக்குப் போன நெய்யைவிடச் சோதிடர் வீட்டுக்குப் போன நெய் அதிகம். ராஜா நடுங்கினார்.

மூன்றாவதாகப் புலவர் வந்தார். "உன் புகழ் என்னும் சூரியனால் இந்த மலையே வியர்க்கிறது" என்று பாடினார். சபையில் இருந்த அத்தனை பேரும் மேல்துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். ராஜாவும் துடைத்துக்கொண்டார், நடுங்கிக்கொண்டே.

மலைச்சரிவில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். பாய் முடைகிறவள். பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவள் வீட்டுக் குளிருக்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் கிடையாது. சுவரில் இருக்கிற சந்துகளில் பழந்துணியைத் திணிப்பாள். பாய்க்கு அடியில் காய்ந்த தினைத்தாளைப் பரப்புவாள். நாலு ஆற்றுக்கல்லைச் சுட்டு, துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைப்பாள். அவ்வளவுதான். ஆனால் கல்லைச் சுடவும் அஞ்சாறு சுள்ளி வேண்டும். சுள்ளியைக்கூட விட்டுவைக்கவில்லை மந்திரியின் ஆட்கள்.

குழந்தையின் உள்ளங்கால் சில்லிட்டுப் போனது. தேய்த்துப் பார்த்தாள், நெஞ்சோடு அணைத்துப் பார்த்தாள், சூடு நிற்கவில்லை. பிள்ளையை முந்தானைக்குள் போட்டுக்கொண்டு மலை ஏறினாள்.

வாசலில் மூன்று நாள் காத்திருந்தாள். முதல் நாள் ராஜா யாகத்தில் இருக்கிறார் என்றார்கள். இரண்டாம் நாள் பாட்டுக் கேட்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் காவல்காரனே குழந்தையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

போனதும் சடைச்சி பதினாறு சாளரத்தையும் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. நாக்கும் வேண்டும், விறகும் வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பேசினாள்.

"மகாராசா, அரண்மனையில ஒரு குறையும் இல்லீங்க. ஆனா ஒரு அநியாயம் நடக்குது."

"என்ன அநியாயம்?" என்றார் ராஜா, கம்பளிக்குள்ளிருந்து.

"குடிசனம் நாங்க உங்களைப் பாக்க மூணு நாள் வாசல்ல கெடக்கோம். இந்த வாடைக்காத்து மட்டும் யாரையும் கேக்காம நேரா உங்க கட்டில் வரைக்கும் வந்துட்டுப் போகுது. இதுக்கு யாரு உத்தரவு குடுத்தாங்க?"

ராஜாவின் மீசை துடித்தது. உண்மைதான். அவர் உத்தரவு இல்லாமல் மந்திரியே உள்ளே வருவதில்லை.

"நான் யாருக்கும் உத்தரவு கொடுக்கவில்லை" என்றார்.

"அப்ப அதையும் வாசல்லயே நிறுத்துங்க. வெயில் ஏறினப்பறம் தெற்குச் சாளரம் வழியா வந்து கும்பிட்டுட்டுப் போகட்டும். பொழுது சாஞ்சா யாருக்கும் தரிசனம் கெடையாதுன்னு சொல்லுங்க."

ராஜா உடனே ஆணையிட்டார். பொழுது சாய்வதற்குள் சடைச்சி பாய்களை வரவழைத்துப் பதினாறு சாளரத்தையும் இறுக்கிக் கட்டினாள். சந்துகளில் துணியைத் திணித்தாள். பளிங்குத் தரையில் தினைத்தாளைப் பரப்பினாள். வெளியே அஞ்சு கட்டை விறகில் பத்துக் கல்லைச் சுட்டு, பட்டில் சுற்றிக் கட்டிலில் வைத்தாள்.

மார்கழி பிறந்து அன்றைக்குத்தான் ராஜா தூங்கினார். குறட்டை அடிவாரம் வரை கேட்டது.

காலையில் எழுந்ததும், வாசலில் இரவைக் கழித்த சடைச்சியை அழைத்து, "எத்தனை வண்டி விறகு எரித்தாய்?" என்று கேட்டார்.

"அஞ்சு கட்டைங்க. மிச்சமிருக்கிற விறகை அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க மகாராசா. இது என் பிள்ளை. காலைத் தொட்டுப் பாருங்க."

ராஜா தொட்டார். பத்துக் கல் சூட்டில் படுத்து எழுந்த கை அது. குழந்தையின் கால் பனிக்கட்டியாகச் சுட்டது. ராஜா நிமிர்ந்து மந்திரியைப் பார்த்தார். மந்திரி சோதிடரைப் பார்த்தார். சோதிடர் புலவரைப் பார்த்தார். புலவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாடையை வாசலில் நிறுத்திய வல்லவன் என்று ராஜாவைப் பாட ஆரம்பித்தார். இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன் என்றார் மந்திரி.

ராஜா கையசைத்தார், விறகு வண்டிகள் மலை இறங்கின. வந்தது நூறு வண்டி, போனது ஒன்பது. மீதி சாம்பல். அந்த ஒன்பதை வீட்டுக்கு ஒரு கட்டாகப் பிரித்துக்கொண்டு, சுவர்ச் சந்துகளை அடைத்து, கல்லைச் சுட்டு, ஊர் தை மாதத்தைக் கடந்தது. சடைச்சி பாட்டு முடியும்வரை அங்கே நிற்கவில்லை. ஒரு கட்டு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். உச்சிப்பொழுதுக்குள் பிள்ளையின் கால் சிவந்து, உதைக்கத் தொடங்கியது.

ஓட்டையை அடைக்காதவன் ஊரையே எரித்தாலும் குளிர்காய முடியாது.