வலது மூலை ஆட்டக்காரர்

கோவையில், வேலைக்குப் போகிற ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் பேஸ்பால் லீக் ஒன்று உண்டு. அதில் சிங்காநல்லூர் அணியைப் பல வருடம் நடத்தியவர் சேவியர். தானும் ஆடிக்கொண்டு, மேனேஜராகவும் இருந்தார். பம்பு பட்டறை வைத்திருக்கும் குழந்தைவேலுவுக்கு, நாற்பது வயதுக்கு மேல் பந்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் குழந்தைவேலு அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் சேவியர், மேனேஜர் பொறுப்பைக் குழந்தைவேலுவிடம் கொடுத்துவிட்டார். இனி வெறும் ஆட்டக்காரனாக இருந்து பார்க்கிறேன் என்றார்.

யாரை எங்கே நிறுத்துவது, யாரை முதலில் பேட் பிடிக்க அனுப்புவது என்பதெல்லாம் குழந்தைவேலுவுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. அரையிறுதிக்கு முந்தின நாள், பயிற்சி முடிந்ததும் கேட்டார்.

"ஒருத்தரை வெளிய உட்கார வைக்கிறது எப்படிங்க கோச்?"

சேவியர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியல வேலு. எனக்கு அது ஒரு நாளும் நல்லா வந்ததில்ல."

தன்னடக்கமாகச் சொல்கிறார் என்று குழந்தைவேலு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சூலூர் அணியுடன் ஆட்டம். சேவியர் மைதானத்தின் வலது மூலையில் நின்றார். அவர் முழங்கால் கெட்டுப்போயிருந்தது எல்லோருக்கும் தெரியும். உயரே வந்த பந்துக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் அது தரையில் விழுந்துவிட்டது. அடுத்து நேராகக் கைக்கே வந்த பந்து, கிளவுஸில் பட்டு நழுவியது. முன்னிலையில் இருந்த அணி சமநிலைக்கு இறங்கியது.

பெஞ்சில் சாதிக் இருந்தார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வாராவாரம் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, பெரும்பாலும் தண்ணீர் கேன் தூக்கிவிட்டுத் திரும்புகிறவர். அவர் எதுவும் கேட்கவில்லை. ஷூ நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

பேஸ்பாலில் ஒருவரை மாற்றிவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் மறுபடி உள்ளே போக முடியாது.

சிங்காநல்லூர்க்காரர்கள் பேட் பிடிக்க வந்தார்கள். சேவியர் தானாகவே விலகிக்கொள்வார் என்று குழந்தைவேலு எதிர்பார்த்தார். சேவியர் தண்ணீர் குடித்தார். கிளவுஸிலிருந்த மண்ணைத் தட்டினார். வெயில் அதிகமாக இருக்கிறதே என்று குழந்தைவேலு பேச்சுக் கொடுத்தார். ஆமாம் என்றார் சேவியர். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்றார்.

மூன்று பேர் அவுட் ஆனதும் பேட் பிடிக்கும் முறை முடிந்தது. திரும்ப மைதானத்துக்குள் போக எல்லோரும் எழுந்தபோது சேவியரும் எழுந்தார்.

"கோச், நீங்க உட்காருங்க. சாதிக் போகட்டும்."

சொன்ன குரல் யாருடையதோ போலிருந்தது குழந்தைவேலுவுக்கு. சேவியர் அவரைப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று. பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தார்.

சாதிக் ஓடிப்போய் ஒரு நல்ல பந்தைப் பிடித்தார். இன்னொன்றை விட்டார். கடைசியில் அணி ஒரே ஒரு ரன்னில் தோற்றது.

ஆட்கள் கலைந்த பிறகும் சேவியர் அதே இடத்தில் இருந்தார். குழந்தைவேலுவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நேத்து நான் கேட்டதுக்குப் பதிலாத்தான நீங்களா விலகாம சும்மா இருந்தீங்க? நானே வாய் திறந்து சொல்லிப் பழகணும்னுதான கோச்?"

"இல்ல வேலு. எனக்கு விளையாடணும்னு இருந்துச்சு."

குழந்தைவேலு தலை குனிந்தார்.

சேவியர் முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக எழுந்தார்.

"அடுத்த சீசன்லயும் எனக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்.