துவைக்கக்கூடாத போர்வை

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மிருகங்களுக்குப் பேசத் தெரிந்தும் மனிதர்கள் காது கொடுக்கமாட்டார்கள் என்று அவை சும்மா இருந்த காலத்தில், வேங்கைமலை என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்குக் குதிரைகள் என்றால் உயிர். லாயத்தில் அறுபது குதிரைகள் நின்றன. அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொள்ளு வைப்பவள் நாச்சி. அறுபதிலும் அவளுக்குச் செல்லம் சாம்பல் என்ற பெட்டைக் குதிரை. தாயில்லாக் குட்டியாக வந்ததை மடியில் போட்டுப் பால் புகட்டி வளர்த்தவள் அவள்தான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை, பூர நட்சத்திரத்தன்று, குதிரைகளுக்குப் போர்வை சாத்துவார்கள். அறுபது குதிரைக்கும் ஒரே போர்வை. மந்திரவாதி கரிகேது நெய்தது. முதல் குதிரையின் முதுகில் போட்டு, எடுத்து, இரண்டாவதின் முதுகில் போட்டு, இப்படியே அறுபதாவது வரை போகும். அதன் கரையில் கறுப்பு எழுத்தில் ‘என்னை நனைப்பவர் கல்லாகப் போவார்’ என்று எழுதியிருந்தது. அதனால் முப்பது வருஷமாக அதை யாரும் துவைக்கவில்லை. அந்த நாற்றத்தை ராஜா தெய்வ வாசனை என்றே சொல்லிவந்தார். பெரிய இடத்து மூக்குக்கு எல்லாம் வாசனைதான், விடுங்கள்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், சாம்பல் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றது. நாச்சி தடவிப் பார்த்தாள். எலுமிச்சம்பழ அளவு வட்டம். முடி ஒடிந்து உதிர்ந்து, தோல் சாம்பல் பூத்துச் செதில் செதிலாக இருந்தது. மறுவாரம் மூன்று வட்டம். அதற்கடுத்த வாரம் பக்கத்துக் குதிரைகளுக்கும் வந்துவிட்டது.

ராஜா பதறிப்போய்க் கரிகேதுவைக் கூப்பிட்டார்.

“பேயின் வாய் பட்ட தடம் மகாராஜா,” என்றான் அவன். “எட்டு நாளுக்கு ஒருதரம், மூன்று தரம் போர்வை சாத்துங்கள். பேய் ஓடிவிடும்.”

போர்வை சாத்தினார்கள். அரிப்பும் போகவில்லை, சொட்டையும் போகவில்லை. இரண்டாம் தரமும் சாத்தினார்கள். அரிப்பும் கூடியது, சொட்டையும் கூடியது. ராஜா கண் கலங்கி நின்றார்.

“மூன்றாம் தரமும் ஆறாத குதிரையைப் பேய் விடாது. புலிக்காட்டில் விட்டுவிட வேண்டியதுதான்,” என்றான் கரிகேது. “முதலில் அந்தச் சாம்பல்.”

நாச்சி லாயத்துக்கு ஓடினாள். சாம்பலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போது தண்ணீர் சுமக்கும் கழுதை பொதியன் தொண்டையைச் செருமியது.

“ஏ நாச்சி! என் முதுகைப் பார்த்தியா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கழுதையின் முதுகு பளபளவென்று இருந்தது. ஒரு வட்டம்கூட இல்லை.

“இதே லாயம், இதே தண்ணி. எனக்கு மட்டும் ஏன் பேய் பிடிக்கலே?” என்றது பொதியன். “கழுதைக்கெல்லாம் ராஜ போர்வையான்னு என்னை ஒதுக்கிட்டாங்களே, அந்தப் புண்ணியம்தான்!”

நாச்சி தன் முழங்கையைப் பார்த்தாள். போர்வையை மடித்துச் சுமக்கும் அந்தக் கையிலும் ஒரு வட்டம் வந்திருந்தது. கந்தகத்தைப் பொடித்துப் புங்க எண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தாள், காய்ந்துகொண்டு வந்தது. சாம்பலுக்கும் முதல் வட்டம் கண்டதிலிருந்து அதையே பூசிவந்தாள். ஆனால் ஆறத் தொடங்கிய இரண்டு தரமும் போர்வை வந்து விழுந்தது, வட்டமும் திரும்ப வந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

நேரே ராஜாவிடம் போனாள். “மகாராஜா, இது பேய் இல்லீங்க, படர்தாமரை. போர்வைதான் ஒண்ணுகிட்டேருந்து ஒண்ணுக்குக் கொண்டுபோகுது. அதை வெந்நீர்ல போடணும்.”

“கல்லாகிவிடுவாயே, நாச்சி!”

“கல்லானா நான்தானே ஆவேன்? என் சாம்பல் பிழைச்சுக்குமே.”

ராஜா அடுப்பு மூட்டச் சொன்னார்.

கொள்ளு அவிக்கும் அண்டாவில் தண்ணீர் கொதித்தது. ஊரே கூடி நின்றது. நாச்சி போர்வையை உள்ளே போட்டுக் கழியால் கிளறினாள். உடனே அவள் பாதம் கல்லாயிற்று.

“விட்டுவிடு, பிழைப்பாய்!” என்று கத்தினான் கரிகேது.

“இன்னும் ஒரு கொதி,” என்றாள் நாச்சி. முழங்கால் கல்லாயிற்று.

“விட்டுவிடு, பிழைப்பாய்!”

“இன்னும் ஒரு கொதி.” இடுப்பு கல்லாயிற்று. சாம்பல் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, அவள் சாய்ந்துவிடாமல் முதுகை முட்டுக்கொடுத்து நின்றது. பொதியன் விறகை உதைத்து அடுப்புக்குள் தள்ளியது.

“விட்டுவிடு!” என்று கெஞ்சினான் கரிகேது. பயம் இப்போது அவனுக்கு.

“இன்னும் ஒரே ஒரு கொதி.” கல் நெஞ்சைத் தொட்டபோது, கரையிலிருந்த கறுப்பு எழுத்து ஒவ்வொன்றாகக் கரைந்து தண்ணீரில் கலந்தது. கடைசி எழுத்தும் போனது. கல் படபடவென்று உதிர்ந்தது. நாச்சி சாம்பலின் கழுத்தில் முகம் புதைத்தாள். போர்வை வெறும் பருத்தித் துணியாக மிதந்தது. கரிகேது கைகளை உதறி உதறிப் பார்த்தான், எழுத்தோடு போன மந்திரத்தில் ஒரு பொறிகூட வரவில்லை. வந்த வழியே நடந்தவனை யாரும் தேடவில்லை.

மந்திரம் நாலு கொதியில் போய்விட்டது. தோல் அவ்வளவு அவசரப்படவில்லை. வட்டம் உள்ள குதிரைகளைத் தனியே கட்டினாள் நாச்சி. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி, தனித் தேய்ப்பான். எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டாள். கையில் துணி சுற்றிக்கொண்டு தினமும் மருந்து பூசினாள். ஆறு வாரம் கழித்து, சாம்பலின் முதுகில் மெல்லிய முடி தலைகாட்டியது. அன்று நாச்சி சிரித்த சிரிப்பு அரண்மனை வரை கேட்டது. ராஜா அவளையே லாயத் தலைவி ஆக்கினார்.

அடுத்த பூரத்துக்கு அறுபது குதிரைக்கும் அறுபது போர்வை வந்தது. அறுபத்தோராவதை ராஜாவே தம் கையால் எடுத்துக்கொண்டு பொதியனிடம் போனார்.

கழுதை அதை முகர்ந்து பார்த்தது. “துவைச்சதுதானே, மகாராஜா?” என்று கேட்டுவிட்டுத்தான் முதுகைக் காட்டியது.